பர்மாவின் அதிபதி
டாக்டர் பா மாவ் வாழ்வும் அது தரும் படிப்பினையும்

ராஜீய வாழ்வில் வெற்றி பெற்றவர்களுக்குச் சிலை எழும்புகிறது. தோல்வியுற்றவர்களுக்கு ஏளனமே மிஞ்சுகிறது. உலக வழக்கம் இதுதான். ஆயினும் ஒரு தேசத்தின் விடுதலையைப் பற்றிச் சிந்திக்கிறவர்கள் வெற்றி வீரர்களின் சரிதத்தை மட்டும் படித்தால் போதாது. பெரிய கல்வியும், கூர்த்த மதியும், உண்மையான தேசாபிமானமும் உடைய ஒருவர் எந்த இடத்தில் வழி தவறினார், அதனால் யார் யார் துன்புற்றனர் என்பதை ஆராய்வதும் அவசியம். அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியவர் பர்மாவின் முதல் பிரதம மந்திரியாகவும், யுத்த காலத்தில் அதன் அதிபதியாகவும் விளங்கிய டாக்டர் பா மாவ்.

பர்மா தமிழர்களுக்கு அந்நிய பூமியன்று. செட்டிநாட்டின் மாளிகைகளில் பர்மாத் தேக்கு தூணாக நிற்கிறது. தஞ்சையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி ரங்கூன் துறையில் இறங்கியவர்கள் எண்ணிலர். ஆகவே பா மாவின் கதையில் நம்மவர் கதையும் பின்னிக் கிடக்கிறது. அதை நடுநிலை பிறழாமல் நோக்குவதே நமது கருத்து.

இளமையும் கல்வியும்

பா மாவ் 1893 பிப்ரவரி 8-ல் ஐராவதி நதியின் கழிமுகத்திலுள்ள மௌபின் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் மாண்டலே அரசவையில் பணி புரிந்தவர். அந்த அரசவை 1885-ல் அழிந்தது. பிரிட்டிஷ் சேனை மாண்டலேயில் நுழைந்து, தீபா மன்னரைச் சிறைப்பிடித்துச் சென்னைக்குக் கொணர்ந்து, பின்னர் இரத்தினகிரியில் வைத்தது. டில்லியின் கடைசி மொகலாய மன்னரான பகதூர் ஷா ரங்கூனில் மாண்டார். பர்மாவின் கடைசி மன்னர் இந்தியாவில் மாண்டார். இரு தேசங்களுக்கும் ஒரே எஜமானர் வாய்த்ததன் அடையாளம் இது. அரசு அழிந்த எட்டாம் ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அந்த நஷ்டத்தின் நினைவு தாய்ப்பாலோடு கலந்திருக்க வேண்டும்.

ரங்கூனிலும் கல்கத்தாவிலும் கற்ற பின், சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்தார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார், லண்டனில் பாரிஸ்டரானார். அத்துடன் நிற்காமல் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ சர்வகலாசாலையில் சேர்ந்து, பர்மாவில் பௌத்த மதம் என்னும் பொருள் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஆராய்ச்சி நூல் எழுதி, 1924-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தம் முன்னோரின் மதத்தைப் பற்றி அந்நியருக்கு அந்நியர் மொழியில் எடுத்துரைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அந்த ஆற்றலே பிற்காலத்தில் அவருக்குப் பலமாகவும் பலவீனமாகவும் அமைந்தது. எந்தச் சபையிலும் எந்தக் கட்சியையும் திறம்பட வாதிக்கக்கூடியவர், தாம் வாதிப்பதையே உண்மையென்று நம்பிவிடும் அபாயமும் உண்டல்லவா?

சாயா சான் வழக்கு

ரங்கூனில் வக்கீல் தொழில் நடத்தி வந்த பா மாவ் ஜனங்களுக்குத் தெரிந்த மனிதரானது ஒரு வழக்கினால். 1930 டிசம்பரில் தராவதி ஜில்லாவில் குடியானவர்கள் கலகம் செய்தனர். உலகமெங்கும் அப்போது விலைவாசி வீழ்ந்திருந்தது, நெல்லின் விலை பாதியளவுக்கு இறங்கிவிட்டது, தலைவரியோ இறங்கவில்லை. சாயா சான் என்ற வைத்தியர் தம்மை மன்னராக முடிசூட்டிக்கொண்டு அவர்களுக்குத் தலைமை தாங்கினார். பச்சை குத்திய உடலைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பிய ஏழைகள் வாளும் ஈட்டியும் ஏந்தி இயந்திரத் துப்பாக்கிகளின் முன் சென்று மடிந்தனர். சர்க்கார் இந்தியாவிலிருந்து பட்டாளங்களை வரவழைத்துக் கலகத்தை அடக்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

1931-ல் விசேஷ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட சாயா சானுக்காகப் பா மாவ் வாதாடினார். தீர்ப்பு என்னவாகும் என்பது எல்லோரும் அறிந்ததே. அவ்வாண்டு நவம்பர் 28-ல் சாயா சான் தூக்கிலிடப்பட்டார். வழக்குத் தோற்றது, வக்கீல் வென்றார். ஐரோப்பியக் கல்வியில் ஊறிய ஒருவர், நாகரிகம் படைத்தோர் நகைத்த ஒரு நாட்டுப்புற வைத்தியருக்காக எழுந்து நின்றதைப் பர்மியக் கிராமங்கள் மறக்கவில்லை. அதுவரை வக்கீலாயிருந்தவர் அன்று முதல் தலைவரானார்.

பிரிவினைப் பிரச்னை

அக்காலத்தில் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. அதைப் பிரித்துவிட வேண்டுமென்று ஒரு சாராரும், கூடாதென்று மற்றொரு சாராரும் வாதித்தனர். பிரிந்தால் இந்தியாவுக்குக் கிடைக்கும் அரசியல் சீர்திருத்தங்கள் பர்மாவுக்குக் கிடைக்காமற் போகுமென்ற ஐயம் பலருக்கு இருந்தது. பா மாவ் பிரிவினை எதிர்ப்பாளரின் தலைவர்களில் ஒருவராக நின்றார். 1932 நவம்பரில் நடந்த தேர்தலில் அவர் கட்சியே அதிக இடங்களைப் பெற்றது.

ஆனால் வென்றவர்கள் இந்தியாவோடு நிரந்தரமாக இணைந்திருக்கவும் சம்மதிக்கவில்லை; வேண்டும்போது விலகும் உரிமையோடு இணைய விரும்பினர். பிரிட்டிஷார் அதற்கு இணங்கவில்லை. சட்டசபை தெளிவான முடிவு எதற்கும் வராமல் தடுமாறியது. முடிவில் லண்டனே முடிவு செய்தது. 1935-ஆம் வருஷத்துச் சட்டப்படி 1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனி நாடாகப் பிரிந்தது. பிரிவினையை எதிர்த்து வாக்குப் பெற்ற பா மாவே பிரிந்த பர்மாவின் முதல் பிரதம மந்திரியானார்! ராஜீயத்தில் இத்தகைய விசித்திரங்கள் அபூர்வமல்ல. எனினும் அவருடைய எதிரிகள் இதை மறக்கவில்லை.

ஏழைகளின் கட்சியும் செட்டியார்களும்

பா மாவ் ஏற்படுத்திய கட்சிக்குச் சின்யேதா, அதாவது ஏழைகளின் கட்சி, என்று பெயர். குடியானவரின் வரிச்சுமையைக் குறைப்பதும், உழுகிறவனுக்கு நிலத்தில் பாதுகாப்பளிப்பதும் அதன் வாக்குறுதிகள். 132 அங்கத்தினர் கொண்ட சபையில் அக்கட்சிக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே. பிற கட்சியினரையும் சிறுபான்மைச் சமூகத்தாரையும் சேர்த்துக்கொண்டுதான் மந்திரி சபை அமைக்க முடிந்தது. ராணுவம், அந்நிய விவகாரம், நாணயம், மலைப் பிரதேசங்கள் ஆகியவை கவர்னர் கையிலேயே இருந்தன.

இங்கே நம்மவர் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930-ல் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் லேவாதேவி நடத்தின. காடு திருத்திக் கழனியாக்கிய பர்மியக் குடியானவருக்கு முதல் கொடுத்தவர்கள் இவர்களே. ஐரோப்பிய பாங்குகள் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு இவர்கள் சென்றனர். நாணயம் தவறாதவர்கள் என்று பெயரெடுத்தனர். இதெல்லாம் உண்மை. ஆனால் நெல் விலை வீழ்ந்ததும் கடன் திரும்பவில்லை. அடமானமாக வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. செட்டியார் நிலத்தை விரும்பவில்லை, பணத்தையே விரும்பினார் என்பதும் உண்மைதான். ஆனால் தன் வயலிலேயே வாரக்குடியாக நின்ற பர்மியனுக்கு அந்த வாதம் எப்படித் திருப்தி அளிக்கும்?

இந்த வேதனைக்குச் சட்டத்தின் மூலம் பரிகாரம் தேட முயன்றதற்காகப் பா மாவ் மந்திரி சபையைக் குறை கூற நாம் துணியோம். நிலம், சாகுபடி பற்றி ஆராய 1938-ல் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. சட்டம் மெல்ல நடந்தது. துவேஷம் விரைந்து ஓடியது. அவ்வாண்டு ஜூலையில், பௌத்த மதத்தை இகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நூலைச் சாக்காகக் கொண்டு ரங்கூனில் கலகம் மூண்டது. முஸ்லிம்கள்மீது தொடங்கிய தாக்குதல் இந்தியர் அனைவர் மீதும் பரவிற்று. ஏகாதிபத்தியத்தின் மீது மூள வேண்டிய கோபம் கூலிக்காரன் மீதும் கடைக்காரன் மீதும் பாய்ந்தது. பத்திரிகைகள் சில அத்தீயில் எண்ணெய் வார்த்தன. ஏழைகளின் பெயரால் ஆட்சிக்கு வந்த மந்திரி சபை அந்த ஏழைகளைக் காக்கத் தவறியது.

அதன் வீழ்ச்சியும் தூரத்தில் இல்லை. எண்ணெய்க் கிணறுகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ரங்கூனை நோக்கி நடந்தனர். மாணவர்கள் அவர்களுடன் சேர்ந்தனர். பர்மிய சகாப்தம் 1300-இல் நிகழ்ந்ததால் அந்நாட்டார் இதனை ஆயிரத்து முந்நூறாம் ஆண்டின் கிளர்ச்சி என்றே அழைப்பர். 1938 டிசம்பரில் போலீஸ் தடியடியில் ஆங் ஜோ என்ற மாணவர் உயிரிழந்தார். 1939 பிப்ரவரியில் மாண்டலேயில் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, பிக்ஷுக்கள் உட்பட 17 பேர் மாண்டனர். அம்மாதமே மந்திரி சபை கவிழ்ந்தது. சாயா சானுக்காக வாதாடியவரின் ஆட்சியில் சொந்த ஜனங்கள் சுடப்பட்டனர். அதிகாரமில்லாத பதவியை ஏற்பவர், பிறர் செய்யும் பாவத்தையும் தம் கணக்கில் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறையும் ஜப்பானும்

பதவி போனதும் பா மாவிடம் பழைய வேகம் திரும்பிற்று. 1939-ல் ஐரோப்பிய யுத்தம் தொடங்கியபோது, தக்கின்கள் என்ற இளைஞர் கூட்டத்தாருடன் சேர்ந்து சுதந்திர அணி ஒன்றை அமைத்தார். அவர் அதற்குத் தலைவர். ஆங் சான் காரியதரிசி. சுதந்திரம் தருவதாக வாக்களித்தாலன்றி யுத்தத்துக்கு உதவி இல்லை என்பது அவர்கள் நிலை. இந்தியாவில் காங்கிரஸ் கேட்டதும் அதுவே. 1940 ஆகஸ்டில் பா மாவ் கைதாகிச் சிறை புகுந்தார். ஆங் சான் ரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி ஜப்பானியருடன் தொடர்பு கொண்டார். பின்பு ‘முப்பது தோழர்கள்’ என்று பெயர் பெற்ற இளைஞர்கள் அங்கே ராணுவப் பயிற்சி பெற்றனர்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அப்போது நிகழ்ந்த இந்தியரின் ஓட்டம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் ஆறாத புண். நான்கு லட்சத்துக்குக் குறையாதவர்கள் அரக்கான் கணவாய்கள் வழியாகவும், மணிப்புரி மலைகள் வழியாகவும் கால்நடையாக இந்தியாவை நோக்கி வந்தனர். பசியாலும் காலராவாலும் பதினாயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தனர். வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று துரைத்தனத்தார் செய்த வித்தியாசத்தை நாம் என்றும் மறப்பதற்கில்லை.

அந்தக் குழப்பத்தில் பா மாவ் மோகோக் சிறையிலிருந்து தம் மனைவி கின்மமா மாவின் உதவியால் தப்பி வெளிவந்தார். ஜப்பானியருக்கு ஒரு தலைவர் தேவை. அவருக்கு ஒரு சந்தர்ப்பம் தேவை. 1942 ஆகஸ்டில் அவர் தலைமையில் நிர்வாகம் ஏற்பட்டது. 1943 ஆகஸ்ட் 1-ல் பர்மா சுதந்திர தேசமென்று பிரகடனம் செய்யப்பட்டது. அன்றே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் எதிராக யுத்தமும் பிரகடனமாயிற்று. பா மாவ் நாட்டின் அதிபதியானார். பாலி மொழி வழியாகப் பர்மியருக்கும் வடமொழி வழியாக நமக்கும் பொதுவான சொல் அது. ஆங் சான் யுத்த மந்திரி. தக்கின் நூ அந்நிய நாட்டு மந்திரி. நெ வின் சேனாதிபதி.

அந்த விழாவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்திருந்தார். அவ்வாண்டு நவம்பரில் டோக்கியோவில் கூடிய கிழக்காசிய மகாநாட்டிலும் இருவரும் கலந்துகொண்டனர். 1944 ஜனவரியில் ஆஸாத் ஹிந்த் சர்க்காரின் தலைமை ஸ்தலம் ரங்கூனுக்கு மாறிற்று. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட தமிழர் பலர் அந்தச் சேனையில் இருந்தனர். பர்மாவின் அதிபதி அவர்களுக்கு இடமளித்து ஆதரித்தார். 1938-ல் இந்தியரைக் காக்க இயலாதவர் 1944-ல் இந்தியாவின் விடுதலைச் சேனைக்கு உறைவிடம் தந்தார் என்பதை அவருக்குரிய வரவில் எழுதுவதே நியாயம்.

இரவல் சுதந்திரம்

சுதந்திரம் என்ற பெயர் வந்தது, சுதந்திரம் வந்ததா? ஜப்பானிய ராணுவப் போலீஸார் நினைத்தவரைப் பிடித்துச் சென்றனர். சீயத்தையும் பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதைக்குக் கூலிகள் தேவைப்பட்டபோது, வியர்வைப் படை என்ற பெயரால் அதிபதியின் சர்க்காரே ஆள் திரட்டிக் கொடுத்தது. 1943 அக்டோபரில் முடிவடைந்த அந்தப் பாதைக்காக உழைத்த ஆசியத் தொழிலாளர் லட்சத்துக்கு மேற்பட்டவர். மலேயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அங்கே ஆயிரமாயிரமாக மாண்டனர். யுத்தக் கைதிகளின் சமாதிகளுக்குப் பெயர்ப் பலகை உண்டு. கூலித் தமிழனும் பர்மியக் குடியானவனும் புதைந்த இடத்துக்கு அடையாளமும் இல்லை.

பா மாவ் ஜப்பானியரின் வெறும் கைப்பொம்மை என்று சொல்வது நியாயமாகாது. அவர்களோடு அவர் பல முறை மோதினார். 1944-ல் ஜப்பானியரில் சிலரே அவரைக் கொல்லச் சதி செய்யுமளவுக்கு அவர்மீது வெறுப்பு வளர்ந்திருந்தது. ஆங் சான் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பத் திட்டமிட்டதை அறிந்திருந்தும் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர் தம் நூலில் கூறுகிறார். 1945 மார்ச் 27-ல் ஆங் சானின் சேனை எதிர்த்தெழுந்தது. பா மாவ் அதில் சேரவில்லை. ஏப்ரலில் ஜப்பானியருடன் ரங்கூனை விட்டு நீங்கினார்.

ஜப்பான் சரணடைந்தபின் அவர் அத்தேசத்துக்குச் சென்று, நீகாத்தா பிராந்தியத்தில் ஒரு கிராமத்துப் பௌத்த ஆலயத்தில் மறைந்திருந்தார். 1946 ஜனவரியில் தாமே சரணடைந்து, டோக்கியோவின் சுகாமோ சிறையில் சில மாதங்கள் கழித்தார். வழக்கொன்றும் தொடரப்படாமல் விடுதலையாகி நாடு திரும்பினார். ஆனால் நாடு அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஜனங்களின் தலைவர் இப்போது ஆங் சான். 1947 ஜூலை 19-ல் ஆங் சானும் சக மந்திரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சதி செய்தவரென்று தூக்கிலிடப்பட்ட ஊ சா, பா மாவின் பழைய போட்டியாளர். 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரமடைந்தபோது அதன் முதல் பிரதம மந்திரிக்கு அரசில் இடமில்லை.

நமது தீர்ப்பு

வக்கீலாக வாழ்ந்தவரை வழக்கு விசாரணை முறையிலேயே மதிப்பிடலாம். அவர் கட்சிக்குச் சொல்லக்கூடியது இது: பிரிட்டிஷார் தாமாகச் சுதந்திரம் தரவில்லை, கேட்டவரைச் சிறையில் வைத்தனர், பின்பு நாட்டையே காக்காமல் ஓடினர். வந்து நின்ற புது எஜமானரிடமிருந்து தம் ஜனங்களுக்கு எவ்வளவு பெற முடியுமோ அவ்வளவு பெறுவது அவர் கடமை. 1943-ல் பெற்றது போலிச் சுதந்திரமேயானாலும், ஒரு முறை சொந்தக் கொடியைக் கண்ட ஜனங்களை மீண்டும் அடிமைகளாக்குவது பிரிட்டிஷாருக்கு இயலாமற் போயிற்று. இந்த வாதத்தில் உண்மை உண்டு.

ஆனால் எதிர்க்கட்சியின் வாதம் இதனினும் வலியது. அந்நியன் தயவால் வரும் சுதந்திரத்துக்கு அந்நியன் விலை கேட்பான். அந்த விலையைத் தலைவர் கொடுப்பதில்லை, ரயில்பாதையில் மாண்ட கூலியே கொடுத்தான். அதனினும் கொடியது ஒன்று உண்டு. அதிபதியின் ஆட்சியில் ஒரே இரத்தம், ஒரே குரல், ஒரே ஆணை என்பது முழக்கமாக இருந்தது. போர்தோவில் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு, நீதிமன்றத்தில் எதிர்வாதத்தின் மதிப்பை அறிந்தவருக்கு, இந்த முழக்கம் எப்படிச் சம்மதமாயிற்று? ஷான், கரேன், கச்சின் முதலிய பல ஜாதியார் வாழும் தேசத்தில் ஒரே இரத்தம் எங்கே இருக்கிறது? பல குரல்கள் இருக்கும் நாட்டில் ஒரே குரல் வேண்டுமானால் மற்றக் குரல்களை அடக்க வேண்டுமே!

பா மாவ் போனார், முழக்கம் போகவில்லை. அதை ராணுவம் எடுத்துக்கொண்டது. அதிபதியின் ஆட்சியில் சேனாதிபதியாயிருந்த நெ வின் 1962 மார்ச்சில் தேசத்தையே கைப்பற்றினார். ஆண்டுகள் சில செல்லுமுன் பழைய அதிபதியும் அந்த ஆட்சியின் சிறைக் காவலுக்கு ஆளானார். ஒரே ஆணை என்ற கொள்கையின் தன்மை அதுதான். ஆணையிடுபவர் மாறியதும், நேற்று ஆணையிட்டவர் கைதியாகிறார். சாயா சானுக்காவது பேச ஒரு வக்கீல் கிடைத்தார். ராணுவ ஆட்சியில் அந்த வக்கீலுக்காக வாதாட நீதிமன்றமே இல்லை.

1948-ஆம் வருஷத்து நில தேசியமயச் சட்டமும், நெ வின் ஆட்சியில் கடைகளும் பாங்குகளும் சர்க்கார் வசமானதும் இந்தியரின் பர்மா வாழ்வை முடித்தன. தலைமுறைகள் அங்கே வாழ்ந்த தமிழர் லட்சக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் அந்த வரலாற்றின் சின்னம்.

1968-ல் பா மாவின் நினைவுக் குறிப்பு நூல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை வாயிலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தம் கட்சியைத் தாமே வாதித்த கடைசி வழக்கு அது. அழகிய நடையில், நேதாஜியைப் பற்றியும் ஆங் சானைப் பற்றியும் அரிய செய்திகளோடு எழுதப்பட்ட நூல். 1977 மே மாதத்தில் ரங்கூனில் தமது 84-ஆம் வயதில் காலமானார். பின்னர் அத்தேசம் மியன்மார் என்று பெயர் மாறிற்று. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் மீண்டும் ஒரு முறை ஜனங்களின் வாக்கைத் தள்ளி ஆட்சியைப் பறித்தது.

விடுதலைக்காக உழைப்போர் இந்தச் சரிதத்திலிருந்து ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். யாரிடமிருந்து சுதந்திரம் பெறுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் எத்தகைய ஆட்சியை அதன்பின் அமைக்கிறோம் என்பது. பா மாவ் முதற் கேள்விக்கு அவசரத்தில் விடை கண்டார். இரண்டாவதற்கு அகந்தையில் விடை கண்டார். அவருடைய தேசாபிமானத்தை நாம் சந்தேகிக்கவில்லை. தேசாபிமானம் ஒன்றே போதாது என்பதற்கு அவரே சாட்சி.